ஏழில் தொடங்கும் பாட்டு

1998 ஜனவரி 11, ஞாயிறு

இன்று பூசையில் என் பாட்டைப் பாடினார்கள். "என் பாட்டு" என்று இந்தக் கொப்பியில் மட்டும்தான் எழுதலாம். பூசை முடிய ஃபாதர் மைக்கில் சொன்னார்: "எங்கள் பாடகர் குழுத் தலைவர் கிளறன்ஸ் மறுபடியும் ஓர் அருமையான பாடலைத் தந்திருக்கிறார்." கோயில் முழுக்கக் கை தட்டியது. பெண்கள் வரிசையில் நின்று நானும் தட்டினேன். தட்டாமல் விட்டால் நேசமலருக்குப் புருஷன்மேல் எரிச்சல் என்று கொட்டாஞ்சேனை முழுக்கக் கதை வந்துவிடும்.

பதினொரு வருடம், இருபத்துமூன்று பாட்டு. நடப்பது எப்போதும் ஒரே மாதிரித்தான். நான் குசினியில் சமைத்தபடி பாடிக்கொண்டு நிற்பேன். அவர் ஒருகொடவத்தைக் கொன்ரெய்னர் யார்டில் கிளார்க் வேலை முடிந்து வந்து, ஐந்து கோடு போட்ட கொப்பியை விரித்து வைத்து, "திரும்பப் பாடு" என்பார். பாடுவேன். எழுதுவார். எழுதி முடிய மேலே தன் பெயரைப் போடுவார். எழுதுகிறவனுக்குத்தான் பாட்டுச் சொந்தம் என்பது அவருடைய சட்டம். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்கள். இங்கே நெய்யும் பெண்டாட்டியுடையதுதான்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "'தனியே' எண்டதுக்குப் பிறகு நான் கொஞ்சம் நிப்பாட்டித்தானே பாடினனான்? ஏன் எல்லாரும் இழுக்கினம்?"

"நீ பாடினதைத்தான் எழுதினன். வேணுமென்டா பேப்பரைப் பார்."

"எனக்கு அது வாசிக்கத் தெரியாதே."

"அப்ப வாயை மூடிக்கொண்டு இரு, மலர்."

மூடிக்கொண்டுதானே இவ்வளவு காலமும் இருந்தேன். என்னத்தைக் கண்டேன்?

ஜனவரி 13, செவ்வாய்

கோயிலில் ஓர்கன் வாசிக்கிற டோரினிடம் போய்ச் சொன்னேன், எனக்கு இசை வாசிக்கச் சொல்லித் தா என்று. இருபத்தாறு வயதுப் பெட்டை. பகலில் ஒரு கம்பனியில் டைப் அடிக்கிறாள். "கிளறன்ஸ் அங்கிள் இருக்கிறாரே அக்கா, அவர்கிட்டக் கேக்கலாமே?" என்றாள். என் முகத்தைப் பார்த்தாள். செவ்வாயும் வியாழனும் ஐந்து மணிக்கு வரச் சொன்னாள். அவரிடம் மாதா சபைக் கூட்டம் என்று சொல்லியிருக்கிறேன். மாதாவே மன்னிக்கட்டும்.

ஜனவரி 20, செவ்வாய்

சுரம் எந்தக் கோட்டில் இருக்கிறது என்பது இரண்டு நாளில் பிடிபட்டுவிட்டது. காலம்தான் மண்டையைக் குடைகிறது.

வெறும் முட்டைக்கு வால் இருந்தால் இரண்டு எண்ணிக்கை. முட்டை கறுத்தால் ஒன்று. வாலில் கொடி கட்டினால் அரை. பக்கத்தில் புள்ளி வைத்தால் இருந்ததோடு அதில் பாதியும் கூடும். பாட்டின் தலையில் ஒன்றின்கீழ் ஒன்றாக இரண்டு இலக்கம். பின்னக் கணக்கு என்று நினைத்துப் பயந்தே போனேன். டோரின் சொன்னாள்: "மேல இருக்கிறது எத்தனை என்டு சொல்லும் அக்கா. கீழ இருக்கிறது எதை எண்ணுறது என்டு சொல்லும்." அவ்வளவுதானா? மூன்று கொத்து அரிசி என்கிற மாதிரித்தான். இதை வைத்துக்கொண்டா இந்த மனுஷன் பதினொரு வருடம் என்னிடம் பவிசு காட்டினார்!

கை தட்டிக் காட்டச் சொன்னாள். ஊரில், இளவாலையில், சங்கீத ரீச்சர் பழக்கின மாதிரி, ஒரு தட்டுத் தட்டி விரல்களை மடக்கி எண்ணினேன். "என்ன அக்கா, கடைக் கணக்கா?" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எவ்வளவு காலத்துக்குப் பிறகு.

ஜனவரி 25, ஞாயிறு

கண்டியில், தலதா மாளிகையில் குண்டு. இனிக் கொழும்பில் தமிழர் எங்கள் பாடு தெரிந்ததுதான்.

ஜனவரி 29, வியாழன்

அவர் வேலைக்குப் போனபிறகு அவருடைய கொப்பிகளை எடுத்து வைத்து, ஒரு விரலால் எண்ணிக்கொண்டு வாசித்தேன். காலை ஒன்பதுக்குத் தொடங்கியது, சோறு வைக்கவும் மறந்துபோனேன்.

இருபத்துமூன்று பாட்டின் தலையிலும் மேலே நாலு, கீழே நாலு. நான் மூன்றாகப் பாடியதும் நாலு. ஊஞ்சல் மாதிரி ஆறில் பாடியதும் நாலு. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ஒரே அளவில் சட்டை தைத்த மாதிரி, நீண்ட கையை வெட்டி, குட்டைக் கையை இழுத்து. "தனியே"க்குப் பிறகு நான் விட்ட இடத்தில் ஒரு வெறுமை அடையாளம் போட்டிருந்தால் போதும். அதற்கும் ஒரு அடையாளம் இருக்கிறது, பேசாமல் இருப்பதையும் எண்ணத்தான் வேண்டும் என்று டோரின் போன கிழமைதான் காட்டினாள். அவர் அந்த இடத்தில் சுரத்தை இழுத்து நிரப்பியிருக்கிறார். நீ பாடினதைத்தான் எழுதினன் என்றாரே. பொய். பச்சைப் பொய்.

இல்லாவிட்டால் அவருக்கு நாலைத் தவிர வேறொன்றும் தெரியாதோ? அது பொய்யைவிட மோசம் இல்லையா?

பெப்ரவரி 4, புதன்

நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்து ஐம்பது வருடமாம். தெருவெல்லாம் தடை. அவர் வீட்டில் பேப்பர் பார்த்துக்கொண்டு இருந்தார். தேங்காய் துருவும்போது அந்த வரி வந்தது. சிலுவையிலிருந்து பிள்ளையை இறக்கித் தாயிடம் கொடுக்கிற இடம். "இறக்கி வைத்தார் உன் மடியில்." வந்தபோதே ஏழாகத்தான் வந்தது. தகிட, தகதிமி. மூன்று, பிறகு நாலு. அவ்வளவு பாரத்தை மடியில் வாங்கினவளுக்கு மூச்சு ஒரே சீராக வருமா?

அவர் காதில் விழுந்துவிட்டது. கொப்பியோடு வந்தார். வழக்கம்போலப் பாடினேன். எழுதிக்கொண்டு போனவர் புருவத்தைச் சுளித்தார். "என்ன இது, நொண்டுது?"

"ஏழு," என்றேன்.

"ஏழா? கொயருக்கு யாரு ஏழு எண்ணுறது? கடைசியில ஒன்டைச் சேர்த்தா எட்டு. நாலு நாலா நேரா நிக்கும்."

சேர்த்துவிட்டார். என் முன்னாலேயே பாடிக் காட்டினார். சவ ஊர்வலம் போகிறதா, பாண்ட் வாத்தியம் போகிறதா என்று தெரியவில்லை.

பெப்ரவரி 8, ஞாயிறு

கோயில் யூபிலிக்குப் பாட்டுப் புத்தகம் அச்சடிக்கப் போகிறார்களாம். இவ்வளவு நாளும் றோணியோப் பிரதிதான், கையில் மை ஒட்டும், ஒரு மழைக்குக் கரையும். இது அச்சு. சுரங்களோடு, மட்டை போட்டு. கொழும்பில் உள்ள கோயிலுக்கெல்லாம் போகுமாம். இருபத்துநாலாவதாகப் பெரிய வெள்ளிக்கிழமைக்கு இந்தப் புதுப் பாட்டு.

சாப்பிடும்போது கேட்டேவிட்டேன். "இந்த ஒண்டுக்கு மட்டும் என்ர பேரைப் போடுங்கோ. நான் போட்டபடி ஏழிலேயே விடுங்கோ. மற்ற இருபத்துமூண்டும் உங்கடையாவே இருக்கட்டும்."

சோற்றைப் பிசைந்துகொண்டே சிரித்தார். "ஒரு வீட்டுக்குள்ள என்னத்துக்கு மலர் ரெண்டு பேரு?"

ஓ. அப்படியா சங்கதி. அச்சில் ஏறினபிறகு ஒருவரும் அழிக்க முடியாது. நானே எழுதுகிறேன். எழுதுகிறவனுக்குத்தானே சொந்தம்?

பெப்ரவரி 17, செவ்வாய்

வெட்கத்தில் செத்தேன். ஒன்பது நாள் மினக்கெட்டு எழுதின தாளை டோரினுக்கு முன்னால் வைத்தேன். மேலே ஏழு, கீழே எட்டு. எண்ணிக்கை எல்லாம் சரி. அவள் வாசித்தாள். "இ"யில் ஓர்கன் இடி மாதிரி விழுந்தது. இ-றக்கி, இ-றக்கி என்று யாரோ மாடிப்படியில் தடக்கி விழுகிற மாதிரி.

நான் பாட்டு எங்கே தொடங்குகிறதோ அங்கேதான் முதல் கோட்டைப் போட்டுவிட்டேன். எங்கள் தாளத்தில் கை ஒரு பக்கம் போகும், பாட்டு அதற்கு முன்னும் எடுக்கலாம், பின்னும் எடுக்கலாம். கை தெரியும், ஆகையால் கேட்கிறவனுக்குக் குழப்பம் இல்லை. காகிதத்துக்குக் கை ஏது? டோரின் சொன்னாள்: "கோட்டுக்குப் பிறகு வாறதுதான் அக்கா கனமா விழும். உங்களுக்கு எது கனம்?"

"றக்," என்றேன்.

"அப்ப கோடு 'றக்'குக்கு முன்னால. 'இ' கோட்டுக்கு வெளியில நிக்கட்டும். ஏழில தொடங்குங்க, ஒன்டில விழும்."

அவ்வளவுதான். ஒரு கோட்டை ஒரு சுரம் தள்ளிப் போட்டேன். அவள் திரும்ப வாசித்தபோது நான் எழும்பி வெளியே போய்விட்டேன். அழுவதை அவள் பார்க்க வேண்டாம் என்று.

பெப்ரவரி 25, விபூதிப் புதன்

நெற்றியில் சாம்பல். பாடகர் குழுப் பயிற்சியில் அவருடைய நாலு. நாற்பது நாள் தவக்காலமும் இதைக் கேட்க வேண்டும்.

மார்ச் 5, வியாழன்

மருதானையில் பஸ் குண்டு. சனம் செத்துப் போச்சு, பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகளும். ஆண்டவரே. வீடு வீடாகச் செக்கிங் தொடங்கிவிட்டது. பொலிஸ் பதிவுத் துண்டை எடுத்துக் கதவடியில் வைத்திருக்கிறேன்.

மார்ச் 7, சனி

காலையில் அவருடைய பாட்டு ஃபைலுக்குள் என் தாளை வைத்தேன். சனிக்கிழமை அரை நாள் வேலை முடிய நேரே பயிற்சிக்குப் போவார். ஃபைலைத் திறந்து பார்க்க மாட்டார், எல்லாம் மனப்பாடம். டோரின் அதை எடுத்து எல்லோருக்கும் முன்னால் வாசிப்பாள் என்று பேசி வைத்திருந்தோம். இருபது பேர் கேட்டபிறகு, ஏழு நொண்டுகிறதா நடக்கிறதா என்று அவரே சொல்லட்டும். பாடுகிறவர்கள் வழி தவறாமல் இருக்கச் சுரத்துக்குக் கீழே வரிசையாக 1 முதல் 7 வரை இலக்கம் போட்டு, ஒவ்வொரு ஒன்றையும் சிவப்பால் வட்டமிட்டிருந்தேன். பெயர் போடவில்லை. கேட்டபிறகு போடலாம் என்று.

மூன்று மணிக்குப் பயிற்சி. நாலு மணியாகியும் ஆளைக் காணோம். ஐந்து மணிக்கு யார்டில் அவரோடு வேலை செய்கிற பலீல் நானா ஓடி வந்தார். ஒருகொடவத்தைச் சந்தியில், எண்ணெய்த் தாங்கிகளுக்குக் கிட்ட, செக் பொயின்ரில் ஃபைலை அவிழ்த்துப் பார்த்திருக்கிறார்கள். "தங்கச்சி, ஏதோ நம்பர் எழுதின கடதாசி ஒன்டாம். எவ்வளவோ சொல்லிப் பாத்தன், கேக்கிறானுவள் இல்ல."

நம்பர் எழுதின கடதாசி.

மார்ச் 8, ஞாயிறு

பார்க்க விடவில்லை. ஃபாதர் உள்ளே போய்க் கதைத்துவிட்டு வந்து சொன்னார். "இது என்ன?" என்று கேட்டிருக்கிறார்கள். பாட்டு என்றிருக்கிறார். "யார் எழுதியது?" "நான்தான்." "அப்படியென்றால் வாசித்துக் காட்டு." பாடியிருக்கிறார். இலக்கம் ஏழு சொல்கிறது, இவர் எட்டு எண்ணுகிறார். இரண்டாம் வரியிலேயே இடறிவிட்டது. தன் கையால் எழுதினது என்கிறான், தன்னாலேயே வாசிக்க முடியவில்லை, அப்படியென்றால் இது என்ன இலக்கம், எண்ணெய்த் தாங்கி இலக்கமா, நேரமா என்று பிடித்துவிட்டார்கள்.

நுணலும் தன் வாயால் கெடும். தெரியாது எண்டு சொல்லியிருக்கலாமே! எவனோ வச்ச கடதாசி எண்டு சொல்லியிருக்கலாமே! ஏன் மனுஷா, இதையுமா உன்ர எண்டு சொல்லோணும்?

வச்சவள் நான். நான் பாவி.

என் கையெழுத்து என்று அவருக்குத் தெரியாமல் இருக்குமா? என் ஏழு குறுக்கே கோடு போட்ட ஏழு. நான் பால் கணக்கு எழுதுகிற கலண்டரில் தினமும் பார்க்கிறாரே. தெரிந்துதான் சொல்லியிருக்கிறார். மனைவியை இழுக்கக் கூடாது என்று. அப்படித்தான் இருக்க வேண்டும். அப்படித்தானே?

மார்ச் 10, செவ்வாய்

பொலிஸில் என்னையும் விசாரிக்கக் கூப்பிட்டார்கள். போகும் வழியில் ஃபாதர் சொன்னார்: "அவர் தன்னுடையது என்று எழுத்தில் கொடுத்துவிட்டார். நீங்கள் உங்களுடையது என்றால் அவர் பொய் சொன்னதாகிவிடும். இரண்டு பேரும் உள்ளே போக வேண்டி வரும், மகள்." டோரின் மற்றக் காதுக்குள் சொன்னாள்: "அக்கா, உண்மையைச் சொல்லுங்க. உங்கட பாட்டு." அவளுக்கு இருபத்தாறு வயது.

இன்ஸ்பெக்டர் தாளை மேசையில் வைத்தார். பிளாஸ்டிக் உறையில் போட்டிருந்தது. தமிழ் தெரிந்த ஒரு கொன்ஸ்டபிள் பக்கத்தில். "பாடுங்க. பாடப் பாட ஒவ்வொரு நம்பரையும் விரலால தொட்டுக் காட்டுங்க."

பாடினேன். குரல் கிழிந்தது. ஆனால் விரல் தவறவில்லை. மூன்றும் நாலும், மூன்றும் நாலும், கடைசி வரைக்கும். என் பாட்டின் முதல் அரங்கேற்றம் இப்படி நடந்தது. ஃபாதரையும் டோரினையும் விட்டால், கேட்டவர்கள் இரண்டு பொலிஸ்காரரும், ஐடென்ரி காட் தொலைந்ததென்று என்ட்ரி போட வந்த ஒரு மனுஷியும்.

இன்ஸ்பெக்டர் முதல் இலக்கத்தில் பேனையை வைத்தார். மற்ற இடமெல்லாம் ஒன்றில் தொடங்க, இது மட்டும் ஏன் ஏழில் தொடங்குகிறது என்று கேட்டார். அதுதான் அவருக்குச் சந்தேகம். நல்ல கேள்வி. போன மாதம் என்றால் எனக்கே தெரியாது. சொன்னேன்: "ஐயா, பாரம் தூக்கிறவன் தூக்க முன்னம் ஒருக்கா மூச்சு எடுப்பானே, அதுதான் அந்த ஏழு. பாரம் ஒண்டில விழும். மூச்சுக் கோட்டுக்கு வெளியில நிக்கும்." கொன்ஸ்டபிள் சிங்களத்தில் சொல்ல, அவர் மேசையில் விரலால் ஒருமுறை தட்டிப் பார்த்தார். ஏழு. ஒன்று. சரியாக வந்தது.

"கவுத லிவ்வே?" யார் எழுதியது? அதற்குக் கொன்ஸ்டபிள் தேவைப்படவில்லை.

டோரின் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மகே மஹத்தயா," என்றேன். என்ர மனுஷன்தான்.

மூன்று பிரதியில் கையெழுத்துப் போட்டேன். எல்லாம் சிங்களத்தில். என்ன எழுதியிருந்தது என்று வாசிக்கத் தெரியாது.

மார்ச் 12, வியாழன்

இன்னும் விடவில்லை. மேலிடத்திலிருந்து கடிதம் வர வேண்டுமாம். டோரின் என்னோடு கதைக்கிறாள் இல்லை.

மார்ச் 19, வியாழன்

விட்டுவிட்டார்கள். வந்துவிட்டார்.

மார்ச் 22, ஞாயிறு

சாப்பிடுகிறார், படுக்கிறார், சுவரைப் பார்க்கிறார். வலது தோளை உயர்த்த முடியவில்லை. என்ன செய்தார்கள் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. தைலம் போட்டுத் தடவினேன். பதினொரு வருடக் கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. எனக்காகப் பன்னிரண்டு நாள் உள்ளே இருந்த மனுஷன். பெயர் என்ன பெரிய பெயர்? தூக்கிக் குப்பையில் போடு.

ஒரு முறையாவது நன்றி சொல்ல வேண்டும். வாய் வருகிறதில்லை.

ஏப்ரல் 10, பெரிய வெள்ளி

பொலிஸில் எப்படிப் பதிந்ததோ அப்படியே பாட வேண்டும், ஒரு புள்ளியும் மாற்றக் கூடாது என்று ஃபாதர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆகவே ஏழில் பாடினோம். நல்ல பகிடிதான், பொலிஸ் காவலில் ஏழு தப்பியது. அவர் இடக்கையால் தாளம் காட்டத் தொடங்கி, மூன்றாம் வரியில் கையைக் கீழே விட்டுவிட்டார். டோரினைப் பார்த்துப் பாடி முடித்தோம்; இந்தக் கிழமைதான் அவள் மறுபடி என்னோடு கதைக்கத் தொடங்கினாள். முன்வரிசையில் மாக்ரெட் அக்கா, மகனைப் பூசாத் தடுப்பு முகாமில் வைத்திருக்கிறார்கள், முழங்காலில் இருந்தபடி வாய்விட்டு அழுதாள். முடிந்து வெளியே வந்து அவருடைய கையைப் பிடித்தாள். "ஒரு தாய்ட மனசு உனக்கு எப்படி ராசா தெரிஞ்சது?" அவர் தலையைக் குனிந்துகொண்டார். நான் பொறுத்துக்கொண்டேன். அவருக்கு உண்மை தெரியும், அது போதும்.

ஏப்ரல் 26, ஞாயிறு

புத்தகத்தின் அச்சுப் பிரதி பிழை பார்க்க வந்தது. இருபத்துநாலாம் பாட்டை எடுத்தேன். மேலே ஏழு, கீழே எட்டு. கோடு "றக்"குக்கு முன்னால். ஒரு பிழையும் இல்லை. வலது மூலையில்: இசை, கிளறன்ஸ்.

தேத்தண்ணியை அவருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுச் சொன்னேன். ஐந்து கிழமையாக மனதுக்குள் சொல்லிப் பார்த்த வசனம். "அண்டைக்கு என்னைக் காப்பாத்தத்தானே அது உங்கட எண்டு சொன்னனீங்கள். நான் உயிருள்ளவரைக்கும் மறக்க மாட்டன்."

நிமிர்ந்து பார்த்தார். நடிப்பு இல்லை. உண்மையாகவே விளங்காத முகம்.

"உன்னையா? என்னத்துக்கு?"

"அது என்ர எழுத்து எண்டு தெரிஞ்சுதானே..."

"நீ கொப்பி பண்ணி வச்சிருப்பாய் என்டு நினைச்சன். அது என்ட பாட்டுத்தானே மலர். வேற யாருட என்டு சொல்ல?"

பேனையை எடுத்து அந்தப் பக்கத்தில் சரி என்று கையெழுத்துப் போட்டார். தோள் இன்னும் நோகிறது போல, எழுத்துச் சரிந்து வந்தது. நான் வாங்கிக்கொண்டுபோய் ஃபாதரிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

பின்னேரம் அவர் குசினி வாசலில் கொப்பியோடு வந்து நின்றார். நான் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன்.

"என்ன, இப்ப சத்தத்தையே காணோம். புதுசா ஒன்டும் வரல்லையா?"

"வரேல்ல," என்றேன்.

இரண்டு வந்தன. ஒன்று ஐந்தில். நானே எழுதியாயிற்று. டோரினிடம் இருக்கிறது.